கயிற்றுப் பட்டியல்

எங்கள் ஊரில் சண்டை இல்லை என்று சான்றிதழ் வாங்குவதற்கு, சண்டை போடும் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும் என்று கடலூரில் சொன்னார்கள். நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று இன்னொரு தடவை கேட்டேன். இன்னொரு தடவையும் அதையேதான் சொன்னார்கள்.

என் பெயர் இளவரசு. சிதம்பரம் கீழவீதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாக மற்றவர்களுடைய விண்ணப்பங்களை நகலெடுத்து, பூர்த்தி செய்து, எங்கே கையெழுத்து, எங்கே கைநாட்டு என்று பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்து வருகிறேன். எனக்குத் தெரியாத படிவம் இந்த மாவட்டத்தில் இல்லை என்ற திமிர் எனக்கு உண்டு. நடந்த எல்லாவற்றுக்கும் அந்தத் திமிர்தான் காரணம் என்கிறாள் என் அக்கா. பாதி உண்மை. மீதிப் பாதிக்குக் காரணமானவர்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கட்டிடத்தின் இரண்டாம் மாடியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எங்கள் ஊர் வெள்ளோடை. சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் சாலையில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். ஊருக்கு நடுவே ஒரு வடிகால் வாய்க்கால். வடகரையில் நாற்பது வீடு, தென்கரையில் இருபத்துமூன்று. நடுவில் இருந்த சிறுபாலத்தைப் போன வருட மழை கொண்டுபோய்விட்டது. இப்போது இரண்டு பனந்துண்டுகளைச் சேர்த்துக் கட்டி, அதன்மேல் கையை விரித்துக்கொண்டு நடக்கிறோம்.

அக்கா ராஜாமணி தென்கரை, நான் வடகரை. பனந்துண்டு போட்ட முதல் வாரமே அவள் அதிலிருந்து வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பில் கம்பி வைத்துத் தைத்தார்கள். வாரம் மூன்று நாள் சிதம்பரத்துக்குப் பயிற்சிக்கு வர வேண்டும், ஆறு மாதம் விடாமல் வந்தால் நடக்கலாம், விட்டால் அந்தக் கால் மடங்காது என்று டாக்டர் சொன்னார். ஆட்டோ வடகரை வரைதான் வரும். மாமா கரும்பு லாரி ஓட்டுகிறவர், அரவைக் காலத்தில் அவருக்கு நெல்லிக்குப்பம்தான் வீடு. அதனால் அக்காவை ஒரு மர நாற்காலியில் உட்காரவைத்து, நாலு பேர் வாய்க்காலில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் தோளில் தூக்கிக்கொண்டு வருவோம். எந்த நாலு பேர் என்று கணக்கில்லை. அந்த நேரத்தில் கரையில் நிற்கிற நாலு பேர்.

பாலத்துக்கு விண்ணப்பம் எழுதினேன். நானே படித்து நானே பாராட்டிக்கொள்ளும்படி எழுதினேன். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தது. இரு கரைகளுக்கும் பொதுவான கட்டுமானம் என்பதால், கடலூர் நல்லிணக்க அளவீட்டு அலகிலிருந்து ‘துருவமுனைப்பு இன்மைச் சான்று’ பெற்று இணைக்கவும் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. துருவமுனைப்பு என்றால் என்ன என்று என் கடைக்கு வந்த ஒரு கல்லூரி மாணவியிடம் கேட்டேன். போலரைசேஷன் என்றாள். அவள் சொன்ன பிறகு இரண்டு வார்த்தைகள் எனக்குப் புரியாமல் போயின.

அலகு புதிதாகத் திறந்தது. கீழே ஃபர்னிச்சர் கடை, மேலே அலகு. ஸ்ரீமதி என்ற பெண் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“தரப்பு ஒன்று யாரு சார்? தரப்பு இரண்டு யாரு?”

“ரெண்டும் இல்லம்மா. எங்க ஊர்ல சண்டையே இல்ல. அதுக்குத்தான் சர்ட்டிபிகேட் கேக்கறேன்.”

“சண்டை இல்லன்னு யாரு சொல்றது?”

“நான்தான் சொல்றேன்.”

“நீங்க எந்தத் தரப்பு?”

அந்த இடத்திலேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அக்காவின் கால் ஞாபகம் வந்து உட்கார்ந்திருந்தேன். பூஜ்யம் போட்டுப் பாருங்கள் என்றேன். போட்டார். ‘விவரம் முழுமையற்றது’ என்று திரை சிவந்தது. சரி, ஊர் மொத்தத்தையும் தரப்பு ஒன்றிலேயே போடுங்கள் என்றேன். ‘எதிர்த் தரப்பைக் குறிப்பிடவும்’ என்றது. இரண்டிலும் சேராதவர்கள் என்று ஒரு கட்டம் இல்லையா என்று கேட்டேன்.

“எனக்கும் கஷ்டமாத்தான் சார் இருக்குது. நான் வடலூர். எங்களுக்கு எல்லா உயிரும் ஒண்ணுதான். ஆனா ஃபாரத்துல ரெண்டு கட்டம்தான் குடுத்திருக்காங்க” என்றார் ஸ்ரீமதி. நல்ல பெண். அவர்மேல் எனக்கு இன்றுவரை கோபமில்லை.

சந்தேகம் உள்ள மனுதாரர்கள் முதலில் ஒருநாள் புத்தொளிப் பயிற்சியில் கலந்துகொள்ள வேண்டும் என்று சொல்லி ஒரு சீட்டுக் கொடுத்தார். போனேன். கல்யாண மண்டபம். மேடையில் ‘துருவமுனைப்பை அறிவோம், அளப்போம், அகற்றுவோம்’ என்று பதாகை. அலகின் தனி அலுவலர் செந்தமிழ்செல்வன் நடுவில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா. இந்த வார்த்தைக்குப் பல துறைகளில் பல பொருள் இருப்பதால் எல்லாத் துறையிலிருந்தும் அறிஞர்களை அழைத்திருப்பதாகவும், எதையும் விட்டுவிடக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு என்றும் சொன்னார்.

முதலில் பேசியவர் சிற்சபேசன். சிதம்பரம் கோயில் பக்கத்தில் குடியிருக்கும், ஓய்வு பெற்ற இயற்பியல் பேராசிரியர். கூலிங் கிளாஸ் கண்ணாடி இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்.

“வெளிச்சம் எல்லாப் பக்கமும் அதிர்ந்துண்டுதான் வரது. அதுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு ஒரு பேதமும் கிடையாது. இந்தக் கண்ணாடி இருக்கே, இது ஒரு திசையில அதிர்றத மட்டும்தான் விடும். மிச்சத்த முழுங்கிடும். இப்ப ரெண்டாவது கண்ணாடியக் குறுக்க வைக்கறேன், பாருங்கோ. ஒண்ணுமே தெரியாது. இருட்டு. தப்பு வெளிச்சத்துல இல்லை. நாம பிடிக்கற கண்ணாடியில இருக்கு.”

அவர் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. செந்தமிழ்செல்வன் எழுந்து, “ஆக, கண்ணாடி எவ்வளவு இன்றியமையாதது என்பதைப் பேராசிரியர் அழகாக விளக்கினார். நம் அலகுதான் அந்தக் கண்ணாடி” என்றார். கைதட்டினார்கள். பேராசிரியர் மறுத்துச் சொல்ல எழுந்தார். அதற்குள் அவருக்குப் பொன்னாடை போர்த்திவிட்டார்கள்.

அடுத்தது ஒரு மின்பொறியாளர். மின்சாரம் கடத்தாத பொருளுக்குள் கூட்டலும் கழித்தலும் சேர்ந்தேதான் இருக்கும், வெளியிலிருந்து ஒரு மின்புலம் வந்தால்தான் இது இந்தப் பக்கமும் அது அந்தப் பக்கமும் விலகும், புலத்தை எடுத்துவிட்டால் பழையபடி சேர்ந்துவிடும் என்றார். சில பொருட்கள் மட்டும் புலத்தை எடுத்த பிறகும் திரும்புவதில்லை என்றும் சொன்னார். “புலம் இன்றேல் எதுவும் விலகாது. எனவே நாம் களத்துக்குச் செல்ல வேண்டும்” என்று செந்தமிழ்செல்வன் முடித்து வைத்தார். கடைசியாக, சென்னையிலிருந்து வந்த ஓர் ஆலோசகர் சமுதாயத்தைப் பற்றிப் பேசினார். மக்கள் இரண்டு முனைகளில் குவிவதே துருவமுனைப்பு, முனைகளை எண்ணிவிடலாம், நடுவில் இருப்பவர்கள்தான் டேட்டாவுக்கு இடைஞ்சல் என்றார்.

நான் கையைத் தூக்கினேன். “எங்க ஊர்ல எல்லாருமே நடுவுலதான் சார் இருக்கோம். நாங்க எந்தக் கட்டத்துல வருவோம்?”

“மிக நல்ல கேள்வி. தேநீர் இடைவேளைக்குப் பிறகு விவாதிப்போம்” என்றார் செந்தமிழ்செல்வன். தேநீர் இடைவேளைக்குப் பிறகு நன்றியுரை இருந்தது. சமோசா சூடாக இருந்தது என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் அந்த யோசனை வந்தது. அதை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

காணும் பொங்கலன்று எங்கள் ஊரில் கயிறு இழுக்கும் போட்டி நடக்கும். நாற்பது வருடமாக நடக்கிறது. வடகரை தென்கரை என்று பிரித்தால் மனத்தாங்கல் வரும் என்பதால், பெரியவர்கள் வயது வந்த எல்லாருடைய பெயரையும் சீட்டில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். முதல் சீட்டு நீலம், அடுத்தது மஞ்சள், அடுத்தது நீலம். புருஷன் நீலத்துக்குப் போவான், பெண்டாட்டி மஞ்சளுக்குப் போவாள். இழுக்க முடியாதவர்கள் கைதட்ட வேண்டும், ஆனால் பெயர் இல்லாமல் ஒருவரும் இருக்கக் கூடாது. தோற்ற அணி ஜெயித்த அணிக்குச் சமைத்துப் போடும். ஜெயித்தவர்கள் பாத்திரம் கழுவிக் கொடுப்பார்கள். இந்த வருடப் பட்டியலை நான்தான் தட்டச்சு செய்து நகலெடுத்தேன். நீலம் ஐம்பத்தெட்டுப் பேர், மஞ்சள் ஐம்பத்தெட்டுப் பேர். எங்கள் ஊரில் இரண்டு கட்டம் போட்டு இருக்கும் ஒரே காகிதம் அதுதான்.

ஒரு சம்பிரதாயத்துக்குத்தானே கேட்கிறார்கள், இரண்டு பெயர்ப் பட்டியலைக் கொடுத்து, இரண்டு அணித் தலைவர்களும் சண்டை இல்லை என்று கையெழுத்துப் போட்டால் சான்றிதழ் வந்துவிடும் என்று நினைத்தேன். நீல அணித் தலைவன் செம்பியன், பால் சொசைட்டியில் வேலை. மஞ்சள் அணித் தலைவன் பாலகுமார், கொத்தனார். பாலகுமாரின் தங்கையைத்தான் செம்பியன் கட்டியிருக்கிறான். இருவரும் ஒரே பைக்கில்தான் வேலைக்குப் போவார்கள்.

“எதுக்கு மச்சான் இந்தக் கயிறு லிஸ்ட்டு?” என்று பாலகுமார் கேட்டான்.

“ஃபார்மாலிட்டிதாண்டா. போடு” என்றேன். போட்டான்.

என் கடையிலேயே உட்கார்ந்து இணையத்தில் ஏற்றினேன். நேர்மையாகத்தான் நிரப்பினேன், சத்தியம். முரண்பாட்டின் காரணம்: கயிறு. எவ்வளவு காலமாக: நாற்பது ஆண்டுகள். கடைசி மோதல்: காணும் பொங்கல். மிதம், கடுமை, மிகக் கடுமை என்று மூன்று இருந்தது. எங்கள் ஊரில் யாரும் சும்மா இழுக்க மாட்டார்கள், அதனால் மிகக் கடுமை. காயமடைந்தோர்: இருவர், உள்ளங்கையில். எல்லாக் கட்டமும் பச்சையானது. அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய், பாலம் வந்த மாதிரிதான் என்று சொல்லி அவள் கையால் இரண்டு வடை வாங்கித் தின்றேன்.

பத்தாவது நாள் ஊருக்குள் ஜீப் வந்தது. செந்தமிழ்செல்வன் இறங்கினார். அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை நான் அதற்குமுன் ஓர் அலுவலர் முகத்தில் பார்த்ததில்லை.

“ஐம்பத்தெட்டுக்கு ஐம்பத்தெட்டு” என்றார். “மாவட்டத்தில் எந்த ஊரிலும் அறுபதுக்கு நாற்பதைத் தாண்டி எங்களுக்குக் கிடைக்கவில்லை. திட்டக்குடிப் பக்கம் ஓர் ஊரில் ஐம்பத்தைந்துக்கு நாற்பத்தைந்து வரை வந்து கடைசியில் சமாதானமாகிவிட்டார்கள். நீங்கள் துல்லியமாகப் பாதிக்குப் பாதி. உங்கள் குறியீட்டெண் நூற்றுக்கு நூறு. வெள்ளோடையை முன்மாதிரித் துருவமுனைப்புக் கிராமமாகத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்.”

“சார், அது பொங்கல் வெளையாட்டு லிஸ்ட்டு சார்” என்றேன்.

“நாற்பது ஆண்டுப் பகையை விளையாட்டு என்று சொல்லும் அளவுக்கு நீங்கள் மரத்துப் போயிருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்ல மாட்டேன்” என்று என் தோளைத் தட்டினார். பிறகு சர்ச்சைக்குரிய பொருளைக் கைப்பற்றும்படி உத்தரவிட்டார். மாரியம்மன் கோயில் உத்தரத்தில் சுருட்டி மாட்டியிருந்த கயிற்றை இரண்டு ஊழியர்கள் இறக்கி, சாக்கில் கட்டி, அரக்கு வைத்து, ரசீது கொடுத்து எடுத்துப் போனார்கள். ரசீதில் தரப்பு ஒன்று, தரப்பு இரண்டு என்று இரண்டு கையெழுத்து வாங்கினார்கள்.

அடுத்தது நிவாரண நடவடிக்கைகள். நீலத்துக்கு நீலக் கைப்பட்டை, மஞ்சளுக்கு மஞ்சள். மோதலைத் தவிர்ப்பதற்காக நீலத் தரப்புக்குக் காலை ஆறிலிருந்து ஏழு வரை குடிநீர், மஞ்சளுக்குப் பகல் பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை. ரேஷன் கடையில் மாதத்தின் முதல் பாதி நீலம், இரண்டாம் பாதி மஞ்சள். வீட்டுக்காரர் எந்த நிறமோ அதுதான் வீட்டின் நிறம். இரண்டு தரப்புக்கும் தனித்தனி வாட்ஸ்அப் குழு, அவர்களே தொடங்கிக் கொடுத்தார்கள். கடைசியாக ஓர் உறுதிமொழிப் பத்திரம்: இரு தரப்பினரும் எந்த இடத்திலும் எந்தப் பணிக்காகவும் ஒன்றுகூட மாட்டோம். கையெழுத்துப் போட்டால்தான் பாலத்தின் கோப்பு நகரும் என்றார்கள். அக்காவின் காலுக்காக ஊர் மொத்தமும் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டது.

முதல் வாரம் எல்லாரும் சிரித்தோம். செம்பியன் வீட்டில் அவன் நீலம், அவன் மனைவி மஞ்சள். காலையில் அவன் பிடித்த தண்ணீரில் அவள் சோறாக்கலாமா என்று கேட்டு நான் கடலூருக்கு ஒரு கடிதம் எழுதினேன், கிண்டலாகத்தான். ‘தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது. அதையும் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டிவைக்கலாம் என்று சிரித்தோம்.

இரண்டாவது மாதம் சிரிப்பு குறைந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு மஞ்சள்காரர்கள் எல்லாரும் வேலையில் இருப்பார்கள். தண்ணீர் யாரும் இல்லாத குழாயில் ஊற்றி வாய்க்காலுக்குப் போனது. மாதத்தின் இரண்டாம் பாதியில் ரேஷன் கடையில் பாமாயில் இல்லை. நீலம் அள்ளிக்கொண்டு போய்விட்டது என்று மஞ்சள் குழுவில் யாரோ எழுதினார்கள். மஞ்சள் குழுவில் நம்மைப் பற்றி எழுதுகிறார்கள் என்று நீலக் குழுவில் யாரோ எழுதினார்கள். நாற்பது வருடத்தில் ஒருதரம்கூட நாங்கள் தண்ணீருக்கு அடித்துக்கொண்டதில்லை. அந்த மாதம் இரண்டு குடம் நசுங்கியது. பாலகுமார் பைக்கில் தனியாகப் போக ஆரம்பித்தான். செம்பியன் மினி பஸ்ஸுக்கு நின்றான்.

அக்கா பட்டியலில் மஞ்சள், கைதட்டுபவர். அந்த நேரத்தில் வேலைக்குப் போகாமல் கரையில் இருக்கும், நாற்காலி தூக்கத் தெம்புள்ள மஞ்சள் ஆண்கள் இரண்டே பேர். நான் நீலம், தொடக் கூடாது. வாரம் மூன்று நாள் பயிற்சி இரண்டானது, பிறகு ஒன்றானது, பிறகு இல்லை. பனந்துண்டில் நடந்து நான்தான் சோறு கொண்டுபோய்க் கொடுத்தேன், கைப்பட்டையை வேட்டியில் மறைத்துக்கொண்டு. அவள் காலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். மடக்கிக் காட்டச் சொன்னேன். பாதிதான் மடங்கியது.

“போன மாசம் முழுசா மடங்குச்சுடா தம்பி” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறுநாளே கடலூருக்குப் போனேன். பட்டியலை நான் திரும்பப் பெறுகிறேன், எங்களுக்குச் சான்றிதழும் வேண்டாம், முன்மாதிரியும் வேண்டாம், பாலத்தை மட்டும் கொடுங்கள் என்றேன். செந்தமிழ்செல்வன் என்னை உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

“பாலம் இப்போதைக்கு இயலாது. வெள்ளோடை பதற்றமான பகுதி. பதற்றமான பகுதியில் இரு தரப்பும் புழங்கும் கட்டுமானம் கூடாது என்று நாங்களே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறோம்.”

“பதட்டமில்லன்னு எழுதிக் குடுக்கறேன் சார்.”

“தாராளமாக. இரு தரப்புத் தலைவர்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட மனுவாக இருக்க வேண்டும்.”

“சேரக் கூடாதுன்னு பாண்டு எழுதி வாங்கியிருக்கீங்களே.”

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அதைச் சொல்ல வேண்டும். பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில் பேசினார். “இளவரசு, உங்களிடம் மனம்விட்டுச் சொல்கிறேன். அகற்றுவதுதான் எங்கள் நோக்கம். ஆனால் இல்லாததை எப்படி அகற்றுவது? முதலில் இருக்க வேண்டும். இருந்தால் அளக்கலாம். அளந்தால் அறிக்கை அனுப்பலாம். அறிக்கை போனால்தான் அலகுக்கு அடுத்த ஆண்டு நீட்டிப்பு. நீட்டிப்பு வந்தால்தான் அகற்ற முடியும். இடையில் நீங்களாகவே சமாதானமாகிவிட்டால், நாங்கள் செய்த வேலைக்கு என்ன மரியாதை?” டீ ஆறுகிறது, குடியுங்கள் என்றும் சொன்னார்.

தனித்தனித் தாளில் கையெழுத்து வாங்கினால் ஒப்புக்கொள்வதாக ஸ்ரீமதி வாசலில் வைத்து ரகசியமாகச் சொன்னார். அவர் அதைச் சொன்னது விதிக்குப் புறம்பானது என்று நினைக்கிறேன். ஊருக்கு வந்ததும் செம்பியனிடம் நீட்டினேன். பாலகுமார் போட்டால் போடுகிறேன் என்றான். பாலகுமாரிடம் போனேன்.

“காலையில தண்ணி யாருக்கு சார் வருது?” என்றான் பாலகுமார். எப்போதும் மச்சான் என்று கூப்பிடுகிறவன், சார் என்றான், அந்நியனைக் கூப்பிடுவதுபோல.

“அது அவுங்க போட்ட டயம்டா.”

“அவுங்க போட்டாங்க. நீங்க புடிச்சீங்க. ஒரு நாளாவது எங்களுக்கு ரெண்டு குடம் எடுத்து வெச்சீங்களா? ஜாஸ்தி வேணாம், ரெண்டு குடம். மொதல்ல அந்த செம்பியன வந்து கேக்கச் சொல்லுங்க, அப்புறம் கையெழுத்து.”

நாங்கள் எடுத்து வைக்கவில்லை. என் வீட்டிலும் காலைத் தண்ணீரை ட்ரம் நிறையப் பிடித்து மூடித்தான் வைத்திருந்தோம். ஆரம்பத்தில் எங்களிடம் இரண்டு தரப்பு இல்லாததால் கையெழுத்து கிடைக்கவில்லை. இப்போது இரண்டு தரப்பும் இருக்கிறது, அதனால் கிடைக்கவில்லை. புலத்தை எடுத்த பிறகும் திரும்பாத பொருட்களைப் பற்றி அந்த மின்பொறியாளர் சொன்னது ஞாபகம் வந்தது.

நடந்ததை அக்காவிடம் சொன்னேன். அவள் நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போடச் சொல்லி, அதில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு கரைக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள். “டேய் செம்பியா. டேய் பாலகுமாரு. எனக்கு நாளைக்கு ஆஸ்பத்திரி போவணும். நாற்காலிக்கு நாலு காலு இருக்குது. ஒரு கலருக்கு ரெண்டு காலு புடிங்க. புடிக்க இஷ்டமில்லன்னா சொல்லிப்புடுங்க, நான் உக்காந்துக்கிட்டே தவழ்ந்து போறேன். பாத்துக்கிட்டு நில்லுங்க.”

மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் செம்பியன் வந்தான். பாலகுமார் ஏற்கெனவே வந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். இன்னொரு மஞ்சளும் நானும். ஒருவரும் ஒருவரோடும் பேசவில்லை. வாய்க்காலின் நடுவில் செம்பியனுக்குக் கால் சறுக்கியது. பாலகுமார் நாற்காலியை விடாமல் இன்னொரு கையால் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டான். “பாத்து வாடா” என்றான். அவ்வளவுதான். அன்று மாலை பைக்கில் இரண்டு பேர் வந்து இறங்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன். மறுநாள் காலை மஞ்சள் வீடுகளுக்கு முன்னால் நீல வீட்டுக் குடங்கள் நிறைந்து இருந்தன. என் வீட்டிலிருந்து நான்கு குடம் போனது.

அலகின் களப் பணியாளர் வாய்க்கால் கரையில் நின்று வாராந்தர நிழற்படம் எடுப்பார் என்பதை நாங்கள் மறந்துவிட்டோம். நாலு தோள், இரண்டு நீலப் பட்டை, இரண்டு மஞ்சள் பட்டை, நடுவில் அக்கா, படத்தில் தெளிவாக விழுந்திருக்கிறது. ஒன்பதாம் நாள் அக்காவின் பெயருக்குப் பதிவுத் தபால் வந்தது. உறுதிமொழிப் பத்திரத்துக்கு மாறாக இரு தரப்பினரையும் ஒரே பணிக்குத் தூண்டி ஒன்றுதிரட்டியமைக்கு விளக்கம் அளிக்க, கடலூரில் நேரில் ஆஜராக வேண்டும். உடல்நலக் காரணம் ஏற்கப்பட மாட்டாது.

“போவலாம்” என்றாள் அக்கா. “அந்த ஆபீசையும்தான் ஒருதடவை பாத்துடுவோமே.”

அதே நாலு பேர் வாய்க்காலில் தூக்கினோம். டாடா ஏஸ் வண்டியில் நாற்காலியோடு ஏற்றிக் கடலூர் போனோம். அங்கே ஃபர்னிச்சர் கடையைத் தாண்டி இரண்டு மாடி, குறுகலான படி. முன்னால் செம்பியனும் பாலகுமாரும், பின்னால் நாங்கள் இருவரும். அக்கா எழுபத்தைந்து கிலோ. கடைக்காரர் வெளியே வந்து நாற்காலி ரிப்பேருக்கா என்று கேட்டார்.

மேலே ஸ்ரீமதி எழுந்து வந்து அக்காவின் சேலையைச் சரிசெய்து விட்டு, வருகைப் பதிவேட்டை நீட்டினார். தரப்பு என்ற கட்டத்தில் அக்கா ‘ராஜாமணி’ என்று எழுதினாள். செந்தமிழ்செல்வன் அறையிலிருந்து வந்தார். அக்காவைப் பார்த்தார். நாற்காலியைப் பிடித்திருந்த நாலு பேரின் மணிக்கட்டைப் பார்த்தார். அவர் முகம் வாடிவிட்டது.

“என் கண் முன்னாலேயே செய்கிறீர்கள்” என்றார். கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. “இந்த அலுவலகத்துக்குள்ளேயே. ஸ்ரீமதி, நேரம் குறித்துக்கொள்ளுங்கள்.”

“தூக்காம எப்படிய்யா வர்றது?” என்றாள் அக்கா.

“அது உங்கள் தரப்பு விளக்கம். எழுத்தில் கொடுங்கள்.”

அரை மணி நேரத்தில் ஐந்து அறிவிப்பாணைகள் தயாராகின. ஆளுக்கு ஒன்று. அடுத்த விசாரணை வருகிற புதன்கிழமை. ஐந்து பேரும் நேரில் வர வேண்டும். சேர்ந்து வரக் கூடாது. இதில் எழுத்துப் பிழை எதுவும் இருக்கிறதா என்று நான் பழக்க தோஷத்தில் சரிபார்த்தேன். இல்லை. அலுவலகக் கோப்புக்கு நகல் கேட்டார்கள், என் கடையிலேயே எடுத்துத் தருவதாகச் சொன்னேன்.

திரும்பும் வழியெல்லாம் நாங்கள் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தோம். புதன்கிழமை எப்படித் தனித்தனியாக நாற்காலி தூக்குவது என்று செம்பியன் நடித்துக் காட்டினான். அவனை அடங்கச் சொல்லி அக்கா சிரித்தாள். கயிற்றைத் திரும்ப வாங்காவிட்டால் அடுத்த பொங்கலுக்குப் புதுக் கயிறு திரிக்க வேண்டும் என்று பாலகுமார் சொன்னான்.

வாய்க்கால் கரையில் வண்டி நின்றது. நாற்காலியை இறக்கினோம். மேற்கே எங்கேயோ மழை போலிருக்கிறது, தண்ணீர் காலையில் இருந்ததைவிட ஒரு சாண் ஏறியிருந்தது. பனந்துண்டின்மேல் தண்ணீர் தொட்டுத் தொட்டுப் போனது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“ஆமா தம்பி, பாலம் என்னா ஆச்சு? கேட்டியா?” என்றாள்.

நான் செம்பியனைப் பார்த்தேன். செம்பியன் பாலகுமாரைப் பார்த்தான். ஐந்து பேர் கடலூர் வரை போய், இரண்டு மாடி ஏறி, அரை மணி நேரம் நின்று, ஐந்து காகிதம் வாங்கி வந்திருக்கிறோம். ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை. இரண்டு பேரும் தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாள்கள் என் பையிலேயே இருந்தன. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினோம்.